வெயிலை முதலாக்கிய ஊர்

காங்கேயத்துக்கு ரயில் கிடையாது. 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குத் தண்டவாளம் போட்டபோது, ஈரோட்டைத் தாண்டிய பாதை ஊத்துக்குளி, திருப்பூர் வழியாகக் கோவைப் பக்கம் போய்விட்டது. நொய்யலுக்கு வடக்கே ஓடிய அந்தப் பாதை, தெற்கே கிடந்த காங்கேயத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் கிடைத்த திருப்பூருக்குப் பஞ்சு மூட்டை வந்தது. பஞ்சரைக்கும் ஆலை வந்தது. பின்னால் பனியன் வந்தது. இன்று உலகத்துக்கே டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறது. அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் காங்கேயம், 2011 மக்கள்தொகைக் கணக்கில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன நகராட்சியாகவே இருந்தது.

ரயில் மட்டுமா இல்லை? ஊருக்குள் ஆறு இல்லை. நொய்யல் வடக்கே ஒதுங்கி ஓடுகிறது. அமராவதி தெற்கே தாராபுரத்தோடு சரி. மழையும் இல்லை. அப்படியிருந்தும் மூன்று விஷயங்களில் இந்தச் சின்ன ஊரின் பெயர் வெளியுலகம் வரை போயிருக்கிறது: கல், காளை, தேங்காய் எண்ணெய். மூன்றையும் தேடிக்கொண்டு போனால் ஒரே இடத்தில் போய் முட்டுகிறோம். இந்த மண்ணின் வறட்சிதான் அது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அதன் வழியாகத்தான் கொங்குச் சீமைக்குள் நுழைகிறது. வரும் வழியிலேயே கேரளத்தில் மழையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் என்று வீசிக்கொண்டு போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்றின் தள்ளு தெரியும். மேகம் வந்து போகும், மழை மட்டும் வராது. ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. மாநிலச் சராசரியோ 900 மில்லிமீட்டரைத் தாண்டும். மண் செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே பாறை.

அந்தப் பாறையிலிருந்துதான் ஊரின் கதை தொடங்குகிறது.

ரோமுக்குப் போன பச்சைக்கல்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சிவன்மலை. சுப்பிரமணியர் கோயிலுக்காகப் பக்தர்கள் ஏறும் இந்தக் குன்றை ஆராய்ந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1901-ல் தனி நூலே எழுதினார். குருந்தக் கற்கள் பொதிந்த அபூர்வமான பாறை வகை இங்கே கிடக்கிறது என்பதுதான் காரணம். குருந்தத்தில் நீல நிறம் ஏறினால் அது நீலக்கல். உலகப் புவியியல் ஏடுகளில் சிவன்மலை என்ற பெயர் இடம்பிடித்தது இப்படித்தான்.

திருப்பூர் சாலையில் இருக்கும் படியூருக்குப் பெருமை இன்னும் பழசு. இங்கே பச்சை கலந்த நீல நிறத்தில் பெரில் கற்கள் கிடைத்தன. ரோமானியச் சீமாட்டிகள் விரும்பி அணிந்த கல் வகை அது. இந்தியாவிலிருந்து வரும் பெரிலைப் பற்றி முதல் நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்திருக்கிறார். படியூர்க் கல்லும், சிவன்மலைக் கல்லும், வெங்கமேடு, அரசம்பாளையம் பக்கத்துப் படிகக் கல்லும் போய்ச் சேர்ந்த பட்டறை எங்கே இருந்தது என்பதை 1980களில் தொடங்கிய அகழாய்வுகள் காட்டின. நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணல்தான் அது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் அதே ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அங்கே தோண்டியபோது, பாதி அறுத்த கல், துளையிடாத மணி, துளையிடும்போது உடைந்துபோன மணி என்று ஒரு தொழிற்கூடத்தின் மிச்சம் மீதி எல்லாம் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலையும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் சேர்ந்தே கிடைத்தன. ஓடுகளில் இருந்தவை பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்.

ஆக, மேற்கே முசிறித் துறைமுகம், கிழக்கே சேரர்களின் கரூர், நடுவே கொடுமணல். மூலப்பொருள் காங்கேய நாட்டிலிருந்து. வாங்குகிறவன் கடலுக்கு அப்பால். கோவை வெள்ளலூர் தொடங்கி இந்தப் பக்கத்துக் கத்தாங்கண்ணி வரை ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏற்றுமதி என்ற சொல்லைத் திருப்பூர்தான் கண்டுபிடித்தது போலப் பேசுகிறோம். நொய்யல் கரை அந்த வேலையை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டது.

பிரிட்டிஷ் காலத்தில் படியூர்ச் சுரங்கம் மறுபடி கொஞ்ச நாள் விழித்தது. 1819, 1820-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜே.எம். ஹீத் இங்கே பெரில் எடுத்தார். இதே ஹீத்தான் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். படியூரில் கல் எடுப்பது சீக்கிரமே நின்றுபோனது. இப்போது படியூர் வழியாகப் போகிறவர்கள் கண்ணில் படுவது பனியன் கம்பெனிப் பலகைகள்தான்.

நாடும் மாவட்டங்களும்

கொங்கு மண்டலத்தை இருபத்துநான்கு நாடுகளாகப் பிரித்துச் சொல்வது பழைய வழக்கம். அதில் ஒன்று காங்கேய நாடு. இந்த நாட்டின் பழையகோட்டைப் பட்டக்காரர் மரபோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர் தீரன் சின்னமலை. 1756-ல் மேலப்பாளையத்தில் பிறந்தவர். தீர்த்தகிரி சர்க்கரை மன்றாடியார் என்பது பெயர். மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைப் பறித்துவிட்டு, “சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை எடுத்துக்கொண்டதாகப் போய்ச் சொல்” என்று அனுப்பியதாகக் கதை. அப்படிச் சொன்னாரோ இல்லையோ, இந்த ஊரின் திசைகாட்டி என்ன என்பது அந்தக் கதையில் இருக்கிறது. வடக்கே திரும்பினால் சென்னிமலை, இந்தப் பக்கம் சிவன்மலை. நடுவில் மறைக்க ஒன்றுமில்லாத பொட்டல். பிறகு மைசூர்ப் பக்கம் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்த சின்னமலையை 1805 ஜூலை 31-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள்.

அதற்கப்புறம் காங்கேயம், சுற்றியுள்ள பெரிய ஊர்களுக்கு நடுவே கைமாறிக்கொண்டே இருந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தாராபுரம் தாலுகா, கோவை மாவட்டம். 1979-ல் பெரியார் மாவட்டம். அதுவே பின்னால் ஈரோடு ஆனது. 2009-ல் திருப்பூர் மாவட்டம். ஒரே தாத்தா மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டு ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இடையில் ஒருமுறை மட்டும் மாநிலமே இந்த ஊரைப் பார்த்தது. 1991 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் நின்றார், இரண்டிலும் ஜெயித்தார். பர்கூரை வைத்துக்கொண்டு காங்கேயத்தை விட்டுவிட்டார். முதலமைச்சர் தொகுதி என்ற பெயரும் கை நழுவியது.

காளையும் அதன் காடும்

காங்கேயம் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது திமில் உயர்ந்த அந்தக் காளைதான். கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். பருவம் வந்த காளைக்குத் தலை, கழுத்து, திமில், பின்தொடை எல்லாம் கருத்துவிடும். காயடித்தால் அந்தக் கருமை வெளுத்துவிடும். மயிலை, காரி, செவலை என்று நிறம் பார்த்துப் பெயர். பொலிகாளையைப் பூச்சிக்காளை என்பார்கள் இந்தப் பக்கத்தில். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காளை தெரிந்தெடுத்து, சேர்த்து, கழித்து இந்த இனத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது.

பசு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறக்கும். கறவைக்கு இந்த மாடு ஆகாது. இதன் வேலை இழுப்பது. கொங்கு நாட்டில் ஆற்றுப்பாசனம் குறைவு. பாறையை உடைத்து வெட்டிய கிணறுதான் கதி. ஆழத்தில் கிடக்கும் தண்ணீரைக் கவலை பூட்டி இறைக்க வேண்டும். சாலில் நிறைந்த தண்ணீரை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்குவது, பின்வாங்கி மேட்டுக்கு ஏறுவது, திரும்ப இறங்குவது என்று விடியும் முன் தொடங்கி வெயில் ஏறும் வரை மாடு நடக்க வேண்டும். குறைந்த தீனி, காய்கிற வெயில், பாரம். இதற்குத் தாங்கிய மாடுதான் மிஞ்சியது. வறண்ட மண்ணுக்கு ஏற்ற மாட்டை மனிதனும் மண்ணும் சேர்ந்துதான் செதுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடும் பாத்திரம் ஒன்று உண்டு. அது கொறங்காடு.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் பயிர் ஏறாத சரளை நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடவில்லை விவசாயிகள். சுற்றிலும் கிளுவைப் போத்து நட்டு முள்வேலி எடுத்தார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். இவ்வளவுதான் கொறங்காடு. ஒரு மழை போதும், புல் துளிர்த்துவிடும். கோடையில் புல் காய்ந்தாலும் வேலங்காய் உதிரும்; ஆட்டுக்கு அது நல்ல தீனி. மரம் நிழலுக்கும் ஆச்சு. கிளுவை வேலி அடர்ந்து நிற்பதால் மேய்ப்பவரே தேவையில்லை. காலையில் மாட்டையும் ஆட்டையும் உள்ளே விட்டு, வழியை அடைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். உழவில்லை, பாசனமில்லை, உரமில்லை. ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். சொந்த மாடு இல்லாதவர் காட்டைக் குத்தகைக்கு விடுவார். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் வேறு. இது தனியார் பட்டா நிலத்தில், வேலிக்குள், கணக்காக நடத்தப்படும் மேய்ச்சல். இந்தியாவில் இப்படி ஒன்று வேறெங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

காளைக்கு முதல் அடி கொடுத்தது மின்சாரம். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவைப் பக்கத்துக்கு மில்கள் வந்தன. அதே கம்பியில் கிணற்று மோட்டாரும் மெல்ல மெல்ல வந்தது. கவலை நின்றது. பிறகு டிராக்டர் வந்து உழவும் போனது. வண்டிக்கு லாரி வந்தது. இழுப்பதற்காகவே வளர்த்த மாட்டுக்கு இழுக்க ஒன்றுமில்லை. பாலுக்கென்றால் கலப்பினப் பசு பத்து லிட்டர் கறக்கிறது. கண்ணபுரம் மாரியம்மன் தேரோடு கூடும் மாட்டுச் சந்தை இன்னும் கூடுகிறது. குட்டப்பாளையத்துச் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இனத்தைக் காக்கப் பாடுபடுகிறது. ஆனாலும் வீட்டுக்கு வீடு கட்டுத்தறியில் நின்ற காலம் போய்விட்டது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினா நிரம்பியபோது பதாகை பதாகையாகக் காங்கேயம் காளைதான் நின்றது. ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன மாடு மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம்; காங்கேயம் மாட்டுக்குப் பந்தயம் என்றால் ரேக்ளா. படத்துக்கு அழகு என்று காங்கேயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் போலிருக்கிறது. கெட்டதில் நல்லதாக, சந்தையில் கன்றுக்குக் கிராக்கி கூடியது. மாநில அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது; 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. காளை பிழைத்தது. அது மேயும் காட்டைப் பற்றி எந்தச் சட்டத்திலும் ஒரு வரி இல்லை.

தேங்காய் விளையாத இடத்தில் தேங்காய்ச் சந்தை

தென்னை வளர்ச்சி வாரியம் வெளியிடும் கொப்பரை, எண்ணெய் விலைப்பட்டியலில் கொச்சி, ஆலப்புழை, கோழிக்கோடு ஆகியவற்றோடு காங்கேயமும் இருக்கிறது. முதல் மூன்றும் தென்னைமரச் சோலைக்குள் இருக்கும் ஊர்கள். காங்கேயம்?

இங்கேதான் வெயில் கல்லாப்பெட்டியில் வந்து உட்காருகிறது. கொப்பரை ஆக்கத் தேங்காயை உடைத்துக் காயவைக்க வேண்டும். நாலைந்து நாள் விடாத வெயில் வேண்டும். ஈரம் பட்டால் பூசணம். நிறம் போகும், விலை போகும். தேங்காய் விளையும் கேரளத்தில் ஆனி, ஆடியில் அடைமழை. அதே ஆனி, ஆடியில் காங்கேயத்தில் காற்றும் வெயிலும். பொள்ளாச்சி, உடுமலை, கேரளம், கர்நாடகம் என்று எங்கெங்கோ விளைந்த காய் லாரி லாரியாக இங்கே வந்து இறங்குகிறது. காங்கேயத்தைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் வெள்ளை வெளேரென்று களம். உடைப்பதும், பரப்புவதும், புரட்டுவதும், தொட்டி எனப்படும் சிரட்டையிலிருந்து பருப்பைப் பெயர்ப்பதும் பெரும்பாலும் பெண்கள். பருப்பு என்பதுதான் இங்கே கொப்பரைக்குப் பெயர், “பருப்பு என்ன விலை?” என்று இந்த ஊரில் யாராவது கேட்டால் துவரம் பருப்பை நினைத்துக்கொள்ளக் கூடாது.

நூறு கிலோ நல்ல பருப்பை ஆட்டினால் அறுபது கிலோவுக்கு மேல் எண்ணெய் வரும். மிச்சம் புண்ணாக்கு, மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. தொட்டி கரியாகிறது, கரி, வடிகட்டிகளுக்கான செறிவூட்டிய கார்பன் ஆகிறது. எதுவும் வீணாவதில்லை என்று வியாபாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். கரி சுடும் இடத்தைச் சுற்றியுள்ள விவசாயிகளிடம் கேட்டால் கிணற்றுத் தண்ணீர் என்னவானது என்று வேறு கணக்குச் சொல்வார்கள். அரிசி ஆலைகள் இங்கே இருப்பதும் இதே வெயிலுக்காகத்தான். அவித்த நெல்லுக்கும் காயக் களம் வேண்டுமே!

விலை என்பது தனி ஆட்டம். 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த ஆண்டு சந்தை அதைத் தாண்டி எங்கோ பறந்தது. கேரளத்துச் சமையலறையில் எண்ணெய்க் குப்பியைப் பூட்டி வைக்காத குறை. விலை ஏறும்போது கையிருப்பு வைத்திருந்தவருக்குத் தீபாவளி. அதிக விலைக்கு வாங்கிப்போட்டு விலை இறங்கியதைப் பார்த்தவருக்கு வேறு.

தண்ணீர் என்ற பழைய வழக்கு

தண்ணீரே வரவில்லையா என்றால், வந்தது. கடைசியில் வந்தது, கடைமடைக்கு வந்தது. மேற்கே பாயும் ஆறுகளைத் திருப்பிக் கிழக்கே கொண்டுவரும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் திருமூர்த்தி அணை வழியாகச் சுமார் 3.77 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. கேரளத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே மாதம். நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு விட்டால் அடுத்த முறை வர இரண்டு வருஷம் ஆகும். அந்தக் கால்வாயின் வால்தான் காங்கேயமும் வெள்ளகோவிலும். மேலே திருட்டு மோட்டார், கீழே வறண்ட மடை, நடுவே உண்ணாவிரதப் பந்தல் என்று பல வருஷமாக ஓடுகிறது இந்த வழக்கு. வெள்ளகோவில் பக்கம் வட்டமலைக்கரை ஓடைக்குக் கட்டிய அணை பல வருஷம் சொட்டுத் தண்ணீர் பார்க்காமல் கிடந்தது. தண்ணீருக்குக் காத்திருந்து அணை கட்டிய ஊர்கள் உண்டு. அணை கட்டிவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் இவர்கள்.

வடக்கே நொய்யலில் நடந்தது அதைவிடக் கொடுமை. 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து நின்றது. அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை. கிணறு கெட்டது, தென்னை கெட்டது, மாடு குடிக்க மறுத்தது. வழக்கு நீண்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிமீறிய சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின. கொடுமணல் கைவினைஞர் கல் கழுவிய ஆற்றங்கரையிலேயே இதெல்லாம் நடந்தது.

சிவன்மலைக் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஏதோ ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூ வைத்துக் கேட்டு உத்தரவு கிடைத்தால், அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். அடுத்த கனவு வரும் வரை அதுவே இருக்கும். மண் வைத்தால் நிலம் விலை ஏறும் என்பார்கள், தண்ணீர் வைத்தால் வெள்ளம் என்பார்கள், இல்லை வறட்சி என்பார்கள். பொருளை விட விளக்கம்தான் சுவாரசியம். எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: வானத்தையும் விலையையும் நம்பிப் பிழைக்கும் ஊருக்கு முன்கூட்டி ஒரு சொல் தேவைப்படுகிறது.

வண்டி வரும் நேரம்

காலை ஏழு மணிக்குக் காங்கேயத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் முக்குகளில் பனியன் கம்பெனி வண்டி நிற்கிறது. பவர்டேபிள், ஓவர்லாக், செக்கிங், கைமடி என்று ஆளுக்கொரு வேலை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு திரும்புவார்கள். வாரச் சம்பளம், சனிக்கிழமை கையில். அம்மா களத்தில் தேங்காய் புரட்டியவர், மகள் செக்கிங். தாத்தா கவலை ஓட்டியவர், பேரன் டெய்லர். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மழை பார்த்து வாழ்ந்த குடும்பத்துக்கு மழை பாராத சம்பளம் வந்திருக்கிறது. ரயில் கொடுக்காத வேலையை வேன் கொடுக்கிறது.

ஆனால் வேன் ஓடும் சாலையோரத்தில் கிளுவை வேலிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. மாடு வளர்க்க ஆளில்லை, ஆடு வாங்கிவிட ஆளில்லை. ஏக்கருக்குக் கிடைக்கும் குத்தகையையும் சென்டுக்குச் சொல்லும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் விவசாயி என்ன செய்வார்? வேலியைப் பிடுங்கிக் கல் நட்டுவிடுகிறார். வருவாய்த் துறைப் பதிவேட்டில் கொறங்காடு வெறும் புஞ்சை. பயிர் செய்தால் மானியம் உண்டு, மரம் வளர்த்தால் திட்டம் உண்டு. புல் வளர்த்து, வேலி காத்து, மாடு மேய்க்கிறவருக்கு ஒன்றுமில்லை. காளைக்குச் சிலை வைப்பது எளிது. அது மேயும் நிலத்துக்கு ஒரு பெயர் கொடுப்பதற்குத்தான் அரசுக்கு மனம் வரவில்லை.

திருப்பூர் மாவட்ட நிர்வாகம் முதலில் ஒரு காரியம் செய்யட்டும். காங்கேயம், தாராபுரம் தாலுகாக்களில் கிளுவை வேலியோடு மிச்சமிருக்கும் கொறங்காடுகளைப் புல எண் வாரியாகக் கணக்கெடுத்து வெளியிடட்டும். கால்நடைத் துறை, அவற்றைப் பராமரிப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஊக்கத்தொகை கொடுக்கட்டும். இந்த வட்டார ஊராட்சிகளில் வாழ்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். காளைப் படத்தைப் பகிர்வதற்கு முன் உங்கள் ஊரில் எத்தனை ஏக்கர் கொறங்காடு மிச்சமிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.